"அந்தப் பொண்ணே நான் இல்லைன்னு சொல்லிடுச்சே, அப்புறம் எப்படிங்க டீச்சர்?"



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி சாவகாசமாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு கமென்ட் போட வேண்டாம் என்பது மட்டும் டீச்சரின் வேண்டுகோள். அவசரக்காரர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

கண்ணகி - முருகேசன் வழக்கில் 2025 ஏப்ரல் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன செய்தியை ஒரு மாணவர் நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். 2003இல் விருத்தாசலம் பக்கம் நடந்த கொலை. முடிய 22 வருடம் ஆகியிருக்கிறது. அதிலிருந்து பேச்சு நம் ஊர் வழக்குக்கு வந்துவிட்டது. ஓமலூர் கோகுல்ராஜ் வழக்கைத்தான் சொல்கிறேன். அங்கேதான் தலைப்பில் உள்ள கேள்வி வந்தது. கேட்டவர் விதண்டாவாதத்துக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். ஆனால் அதற்குப் பதில் சொன்னவர்கள் ஒருவரை ஒருவர் என்னென்னவோ பேசி, மூன்று பேர் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சிலேட்டில் எழுதிய பிள்ளைகள். அதனால் கேள்விக்குப் பதிலை முழுசாக எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

என் படிப்பு ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் வந்த செய்திகளையெல்லாம் கத்தரித்து வைத்திருக்கிறேன். உயர்நீதிமன்றத் தீர்ப்பை, வக்கீலாக இருக்கும் நம் மாணவர் ஒருவரை வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். அவருடைய பொறுமைக்கு நன்றி. ஐந்தாம் வகுப்பில் அவரிடம் நான் காட்டிய பொறுமைக்கு அது சரியாகப் போச்சு.

இளையவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோகுல்ராஜ் ஓமலூரைச் சேர்ந்தவர். பட்டியல் சாதியில் பிறந்தவர். பொறியியல் படித்து முடித்திருந்தார். 2015 ஜூன் 23ஆம் தேதி, கல்லூரியில் உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். அந்தப் பெண் கவுண்டர் வீட்டுப் பெண். கோயிலில் இருவரையும் ஒரு கூட்டம் சூழ்ந்தது. பெண்ணை அனுப்பிவிட்டார்கள். பையன் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்ட ஒரு கடிதமும், செல்போனில் பதிந்த பேச்சும் இருந்தன. உடற்கூறாய்வு அது கொலை என்று காட்டியது. தீரன் சின்னமலை பேரவை என்ற அமைப்பை நடத்திவந்த யுவராஜ் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். தலைமறைவாக இருந்துகொண்டே அவர் வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பியதை நம் ஊரில் எத்தனை பேர் கேட்டோம், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினோம் என்பது அவரவருக்குத் தெரியும். அந்தச் செப்டம்பரில், வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா தன் முகாம் வீட்டில் இறந்துகிடந்தார். அதன்பின் கொலை வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அக்டோபரில் யுவராஜ் நாமக்கல்லில் சரணடைந்தார்.

வழக்கு நாமக்கல் கோர்ட்டில் நடக்க ஆரம்பித்தது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். கோர்ட் பாஷையில் பிறழ்சாட்சி. அந்தத் தோழியும் 2018இல் பிறழ்சாட்சி ஆனார். கோகுல்ராஜின் தாயார் உயர்நீதிமன்றத்துக்குப் போய் வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டார். 2019இல் மதுரைக்கு மாறியது. அவர் கேட்டபடியே ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரை தனி நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, ஐந்து பேரை விடுவித்தது. பத்துப் பேரும் மேல்முறையீடு செய்தார்கள். ஐந்து பேரை விட்டதை எதிர்த்து அந்தத் தாயாரும் மேல்முறையீடு செய்தார்.

இனிமேல்தான் கேள்விக்கான பதில்.

மேல்முறையீடு என்றால் பலர் மறுகூட்டல் மாதிரி நினைக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பணம் கட்டுவோமே, மார்க்கைச் சரியாகக் கூட்டியிருக்கிறார்களா என்று பார்க்க, அது போல. அப்படி இல்லை. இது மறுமதிப்பீடு. ஒவ்வொரு விடையையும் முதலில் இருந்து படித்து, இதற்கு இவ்வளவு மார்க் தகுமா என்று பார்க்கிற வேலை. அதையும் தாண்டி ஒரு அதிகாரம் மேல்கோர்ட்டுக்கு உண்டு. பேப்பர் திருத்துகிற எனக்கு, விடை எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு "இதை என்ன நினைச்சு எழுதினே கண்ணு?" என்று கேட்க அனுமதி இல்லை. உயர்நீதிமன்றத்துக்கு இருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 391ஆவது பிரிவு. நீதிக்குத் தேவை என்று பட்டால் மேல்முறையீட்டிலேயே கூடுதல் சாட்சியம் எடுக்கலாம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது, எண் மட்டும் மாறியிருக்கிறது.

நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். 2022 நவம்பர் 25ஆம் தேதி அந்தப் பெண்ணை வரவழைத்தார்கள். கோயில் சிசிடிவி காட்சியைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். பையன் யார் என்று கேட்டதற்கு கோகுல்ராஜ் மாதிரி இருக்கிறது என்றார். பக்கத்தில் இருக்கிற பெண் யார் என்று கேட்டதற்கு, அது நான் இல்லை என்றார். அழுதார். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லி, யோசித்து வரும்படி நாள் கொடுத்தார்கள். 30ஆம் தேதி வந்தும் அதையேதான் சொன்னார். அவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கினார்கள்.

இந்த அளவில்தான் நம் ஆட்களுக்குக் கதை தெரியும். "அவளே இல்லைங்கறா" என்று பந்தியில் இலை போட்டுக்கொண்டே பேசுகிறார்கள். அதற்கு அப்புறம் நீதிபதிகள் செய்ததை யாரும் பேசக் காணோம்.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு நீதிபதிகளும் திருச்செங்கோட்டுக்கே வந்துவிட்டார்கள். மலைமேல் கோயிலில் கேமரா எங்கெங்கே இருந்தது, எந்த வாசல் எந்தப் பக்கம் என்று நடந்து பார்த்தார்கள். உடல் கிடந்த ரயில் பாதைக்கும் போனார்கள். மேல்கோர்ட் ஜட்ஜ் என்றால் ஏசி அறையில் கட்டுக் கட்டாகக் காகிதம் புரட்டுகிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு விஷயம். திருச்செங்கோட்டு மலைக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் படிகள். இப்போது எல்லோரும் ரோட்டில் காரில் போய்விடுகிறோம். படி வழியில் ஏறினால் அறுபதாம் படி என்று ஒரு இடம் வரும். சத்தியப் படிகள் என்பார்கள். கொடுத்த கடனை வாங்கவே இல்லை என்கிறவன், வரப்பை வெட்டி உள்ளே வந்தவன், எல்லோரையும் அந்தக் காலத்தில் அங்கே கூட்டிவந்து சத்தியம் செய்யச் சொல்வார்கள். அந்தப் படியில் நின்று பொய் சொல்ல யாருக்கும் வாய் வராது என்பது நம்பிக்கை. என் அம்மாயி இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். வரப்புத் தகராறுக்கு அந்தப் படியின் பயம் போதுமாக இருந்திருக்கும். சாமியைவிட ஊரைப் பார்த்துப் பயப்படுகிற ஒரு பெண்ணுக்கு எந்தப் படி போதும்?

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். 2023 ஜூன் 2ஆம் தேதி தீர்ப்பு. சுருக்கமாக, எனக்குப் புரிந்த மட்டில், கேள்விக்குப் பதில் இதுதான்.

பிறழ்சாட்சி ஆகிவிட்டால் அவர் சொன்னது முழுவதையும் குப்பையில் போட வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. எவ்வளவு தூரம் வேறு ஆதாரத்தோடு பொருந்துகிறதோ அவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1970களிலேயே சொல்லிவிட்டது. அடுத்தது கேமரா. கணினியில் இருந்து எடுத்த பதிவை ஆதாரமாகக் காட்ட, அது எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழ் வேண்டும். அப்போதைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் எத்தனையோ வழக்குகளில் நல்ல ஆதாரம் வீணாகிப் போயிருக்கிறது. இங்கே அதைப் பற்றி இரண்டு தரப்பும் வாதாடி, கடைசியில் பதிவு ஏற்கப்பட்டது. கோகுல்ராஜ் கோயிலுக்குள் வருவதும், எதிரிகள் அங்கே இருப்பதும், அவரை அழைத்துப் போவதும் அதில் இருக்கிறது.

மூன்றாவது, கடைசியாக யாரோடு காணப்பட்டார் என்பது. ஒரு ஆளை நீங்கள் கூட்டிப்போனதை உலகமே பார்த்திருக்கிறது. மறுநாள் அந்த ஆள் பிணமாகக் கிடக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்படியானால் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 106ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. நம் பள்ளிக்கூடத்தில் இந்தச் சட்டம் எப்போதும் உண்டு. "கடைசியா பந்து உன் கையிலதான் இருந்துச்சு, எங்கே?" என்று கேட்டால் "தெரியலைங்க டீச்சர்" என்பது பதில் ஆகாது அல்லவா? ஒரு எச்சரிக்கை: முதலில் கையில் பந்து இருந்ததை டீச்சர் நிரூபிக்க வேண்டும். அதற்கு முன்னால் பையனைக் கேட்க உரிமை இல்லை. போலீசுக்கும் அதேதான்.

ஆக, அந்தப் பெண் "நான் இல்லை" என்றதால் கேமராவில் இருந்த மற்றவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. எட்டுப் பேரின் ஆயுள் தண்டனை உறுதியானது. யுவராஜுக்குக் கீழ்க்கோர்ட் கொடுத்தது சாகும்வரை சிறை என்ற மூன்று ஆயுள். அது அப்படியே நின்றது. இரண்டு பேருக்கு, அவர்கள் பங்கு வேறு என்று பார்த்து, ஆயுளை ஐந்தாண்டாகக் குறைத்தார்கள். விடுதலையான ஐந்து பேரின் விடுதலையையும் மாற்றவில்லை. தாயாரின் மேல்முறையீடு தள்ளுபடி.

கடைசி இரண்டு வரிகளைத் திரும்பப் படியுங்கள். "கோர்ட்டு ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு" என்று எழுதிய தம்பிக்காகச் சொல்கிறேன். சாய்ந்த கோர்ட் இரண்டு பேருக்கு ஏன் குறைக்கப் போகிறது? ஐந்து பேரை ஏன் விடப் போகிறது? ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகப் பேப்பர் திருத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். உடுமலைப்பேட்டை சங்கர் வழக்கு. 2016 மார்ச் 13, பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு பக்கம். அங்கேயும் கேமரா இருந்தது. அங்கே சாட்சி பின்வாங்கவில்லை. வெட்டுக் காயத்தோடு பிழைத்த மனைவி கௌசல்யா, பெற்ற அப்பாவுக்கு எதிராகவே நின்று சாட்சி சொன்னார். திருப்பூர் கோர்ட் 2017 டிசம்பரில் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22ஆம் தேதி உயர்நீதிமன்றம் ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அப்பாவை விடுதலையே செய்துவிட்டது. சதி செய்தார் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. வாயைத் திறந்து சொன்ன பெண்ணுக்கு அப்படி. வாயைத் திறக்காத பெண்ணின் வழக்கில் இப்படி. வெட்டியது யார் என்பதைக் கேமரா காட்டும். வீட்டுக்குள் என்ன பேசி முடிவெடுத்தார்கள் என்பதைக் காட்ட எந்தக் கேமராவும் இல்லை. அது வீட்டுக்குள் இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர்கள் சொல்வதில்லை.

இப்போது என் அனுபவம் ஒன்று. பெயர், ஊர், வருடம் எதுவும் சொல்லமாட்டேன். கண்டுபிடித்தவர்கள் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. அவள் அப்பா லாரிக்குப் போகிறவர், ஏதோ வடநாட்டு லோடில் இருந்து வரும்போது வாங்கிவந்தது. மூடியில் மயில் படம். எடுத்தது யார் என்று ஒரு பையனுக்குத் தெரியும் என்று அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே எனக்குப் பட்டது. மத்தியானம் சத்துணவு முடிந்து கை கழுவுகிற இடத்தில் தனியாகக் கேட்டேன். சொல்லிவிட்டான். எடுத்தவன் ஊரில் பெரிய தோட்டக்காரர் மகன். சொன்னவனின் அம்மா அந்தத் தோட்டத்தில்தான் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போவார்.

பிற்பகல் வகுப்பில் எல்லோர் முன்னாலும் பொதுவாகக் கேட்டேன், யாராவது பார்த்தீர்களா என்று. அவன் பக்கம்கூடத் திரும்பவில்லை. ஆனாலும் அவன் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, "நான் ஒண்ணும் பாக்கலைங்க டீச்சர்" என்றான். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வயசு. அந்த மத்தியான அரை மணி நேரத்தில் அவனிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம். அம்மாவுக்கு நாளைக் கூலி எங்கே என்று அவனுக்கே தெரியும்.

நான் எல்லோர் பையையும் மேசைமேல் கொட்டச் சொன்னேன், என் கைப்பையில் இருந்து ஆரம்பித்து. மயில் பாக்ஸ் கிடைத்தது. அதன்பின் யார் வாயில் இருந்தும் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எடுத்தவனுடைய வீட்டில் இருந்து மறுநாள் ஆள் வந்தார்கள், கொஞ்சம் சத்தமும் போட்டார்கள். பாக்ஸைக் காட்டினேன். போய்விட்டார்கள்.

பாக்ஸ் கிடைத்திராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பையனை மறுபடி நிற்க வைத்து "மத்தியானம் என்கிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டிருக்க மாட்டேன். அவன் வீட்டு அடுப்பு யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் இந்தத் தீர்ப்பில் எனக்கு மனசு ஒப்பாத இடம் ஒன்றே ஒன்று. அந்தப் பெண் மீது எடுத்த அவமதிப்பு நடவடிக்கை. நீதிபதிகள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முன்பு மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தவர், உயர்நீதிமன்றத்திலேயே சத்தியம் செய்துவிட்டுக் கண்ணுக்கு முன்னால் ஓடுகிற படத்தை இல்லை என்றால், அதைச் சும்மா விட்டால், நாளைக்கு எந்த வழக்கு நிற்கும்? வக்கீல் மாணவர் இதைத்தான் அடித்துச் சொன்னார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவரைப் பொய் சொல்ல வைத்தவர்கள் ஒருவர்மேல்கூட நடவடிக்கை எடுக்க வழி இல்லை. ஏனென்றால் அவர்கள் யாரும் மிரட்டியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. "கல்யாணம் ஆகி ஒரு இடத்துல வாழப்போற புள்ள" என்று ஒரு அத்தை சொன்னால் போதும். நம் வீடுகளில் அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வோம் என்று சொந்தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு சீர் விருந்தில் என் பெரியப்பா மகன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏனம்மிணி, ரிட்டையர் ஆகி நிம்மதியா இருக்கறதை விட்டுப்போட்டு உனக்கு எதுக்கு இந்த வேலை? நம்ம பையனுக பத்துப் பேரு உள்ள கெடக்கறானுக" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லாதபோது முதலில் வண்டி எடுத்து வருகிறவர் அவர்தான். "அண்ணா, ஓமலூர்ல இருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த பசங்களும் என்னை டீச்சர்னுதான் கூப்பிட்டாங்க, வேற பேரு சொல்லிக் கூப்பிடலை" என்றேன். இதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாயசம் வந்துவிட்டது. இந்தப் பதிவைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். இரண்டு நாளில் போன் செய்வார்.

நீதிபதி நேரில் போய்ப் பார்த்தார் என்றேன் அல்லவா, அதில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 2023இல் மார்ச் 4ஆம் தேதி நீதிபதி பி.வேல்முருகன் அரூர் பக்கம் வாச்சாத்திக்குப் போனார். நமக்கு அது வெளியூர் இல்லை. 1965இல் தர்மபுரி பிரியும்வரை சேலம் ஜில்லாதான். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் செய்ததைப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் முழுசாக எழுத எனக்குக் கை வரவில்லை. பதினெட்டுப் பெண்கள் கெடுக்கப்பட்டார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011இல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொல்வதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29ஆம் தேதி உயர்நீதிமன்றம் அந்த மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்சம் கொடுக்கவும், அதில் பாதியைக் குற்றம் செய்தவர்களிடம் வசூலிக்கவும் சொன்னது.

வாச்சாத்திப் பெண்களுக்குப் பேர் சொல்ல ஒரு கேமரா கிடையாது. எதிரே நின்றவர்கள் எல்லாம் அரசாங்கச் சட்டைக்காரர்கள். ஆனாலும் முப்பது வருடம் ஒருத்தர்கூட மாற்றிப் பேசாமல் நின்றார்கள். ஊரே ஒரு பக்கம் இருந்தது, அதனால் முடிந்தது என்று நினைக்கிறேன். திருச்செங்கோட்டுப் பெண்ணுக்கு ஊர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

சாட்சிகளுக்கு ஒன்றுமே வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியாது. 2018 டிசம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை நாடு முழுவதும் சட்டமாகவே நடைமுறைப்படுத்தச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் குழு. மாவட்டப் போலீஸ் அதிகாரியும் அரசு வழக்கு நடத்தும் துறைத் தலைவரும் அதில் இருப்பார்கள். சாட்சியோ, அவர் வீட்டாரோ, வக்கீலோ மனு கொடுக்கலாம். உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று மூன்று தரமாகப் பிரித்து, வீட்டுக்குக் காவல், போன் நம்பர் மாற்றுவது, எதிரியின் முகம் பார்க்காமல் சாட்சி சொல்வது, தேவைப்பட்டால் வேறு ஊருக்குக் குடி மாற்றுவது வரை உண்டு. 2018 டிசம்பர் என்பதைக் கவனியுங்கள். நாமக்கல் கோர்ட்டில் அந்தப் பெண் கூண்டில் ஏறியது அதற்கு முன்னால்.

நம் மாணவர்களில் வக்கீல்கள் நான்கு பேர், போலீசில் ஆறு பேர், கோர்ட் ஆபீசில் ஒருவர் இருக்கிறீர்கள். அந்த மனுவை எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்பதைக் கீழே கமென்ட்டில் எளிய தமிழில் எழுதுங்கள். நான் சேர்த்து ஒரு பக்கமாக ஆக்கி எல்லாக் குரூப்பிலும் போடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித்தான் போடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்